புதன் மதியக் காட்சிக்கு யார் வருவார்?

பிபிசி, ஐடிவி தொலைக்காட்சிகளின் பொழுதுபோக்கு நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் வெஸ்ட் எண்ட் இசை நாடகத் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

லண்டன் வெஸ்ட் எண்டில் ஒரு நாடக அரங்கின் வாசல் பணியாளர்களில் நானும் ஒருவன். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மாலையிலும், கிடைத்தால் மதியக் காட்சிக்கும், அரங்குக்குப் போகிறேன். டிக்கெட்டைப் பார்த்து இருக்கை காட்டுவது, நிகழ்ச்சிப் புத்தகம் விற்பது, இடைவேளையில் கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் விற்பது, இருட்டில் கைபேசி ஒளிரும் இருக்கையைத் தேடிப்போய் டார்ச் அடிப்பது, இவைதான் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. முக்கிய வேடக்காரர் வராத நாளில், வாசலில் நின்று துண்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். இந்த மடல் அந்தச் சீட்டைப் பற்றியது; இசை நாடகத்தின் முக்கிய வேடத்துக்கு ஆளை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கிற உங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றியதும்தான்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஏராளம். உங்கள் நிகழ்ச்சிகளுக்கு வாக்களித்தவர்களில் ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கிற என் உறவுக்காரர்களும் உண்டு; என் வீட்டிலேயே மூன்று பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன். அவர்கள் வாக்களித்த அந்தக் காலத்துத் தொலைபேசி அழைப்புகளுக்குக் கட்டணம் கட்டியவன் என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது.

அரங்கின் பெயரும் நாடகத்தின் பெயரும் இங்கே வேண்டாம். தொலைக்காட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த பெண் முக்கிய வேடத்தில் நடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு புதன்கிழமை, மதியக் காட்சி. வெளியே மழை, நுழைவுக்கூடம் முழுக்க நனைந்த கோட்டுகளின் வாடை. ஒன்றரை மணிக்கு மேலாளர் ஒரு கட்டுச் சீட்டுகளைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். உள்ளங்கை அளவு வெள்ளைத் தாள். இன்றைய காட்சியில் இந்த வேடத்தில் நடிப்பவர் என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு பெயர். யாரும் கேள்விப்பட்டிராத பெயர்.

எழுபது வயது இருக்கும் ஓர் அம்மையார், இரண்டு பேத்திகளுடன் வந்தார். பர்மிங்காமிலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கிறார். சீட்டை வாங்கினார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், திரும்ப ஒருமுறை படித்தார். "இது யார்?" என்றார். நான் விளக்க வாயெடுப்பதற்குள், "நான் அவளுக்கு ஒன்பது தடவை வாக்களித்தேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் ரசீதை எடுத்து நீட்டுவார்களே, அந்தத் தொனி. பணம் திரும்ப வேண்டும் என்றார். டிக்கெட் கவுண்டருக்கு அனுப்பினேன். எந்த நடிகர் வருவார் என்பதற்கு அரங்கு உத்தரவாதம் தருவதில்லை என்று டிக்கெட்டின் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைத்தான் அங்கே படித்துக் காட்டியிருப்பார்கள். முகம் சிவந்து திரும்பி வந்தார்.

பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. உங்களில் எத்தனை பேர் அந்த நேரத்தில் அரங்கின் பின்வரிசையில் நின்றிருக்கிறீர்கள் என்று தெரியாது. ஏறத்தாழ அரங்கு நிறைந்த கூட்டம் ஒரே மூச்சாக வருத்தப்படும்போது ஒரு சத்தம் எழும். பாதி பெருமூச்சு, பாதி சூள்கொட்டல். அரங்கத்தின் ஒலி ஒப்பனை அறைகளுக்கு நேரடியாகப் போகும்படி ஒலிபெருக்கி வைத்திருப்பார்கள், நடிகர்கள் தங்கள் முறை எப்போது என்று அறிந்துகொள்வதற்காக. ஆக, அந்தச் சத்தமும் உள்ளே போகிறது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலைமுடியைப் பின்னுக்குத் தள்ளி ஊசி குத்திக்கொண்டிருக்கும் மாற்று நடிகைக்கு, மேடையேறும் முன் கிடைக்கிற முதல் வரவேற்பு அது.

அன்று அவள் எப்படிப் பாடினாள்? பிரமாதமாகப் பாடினாள், எல்லோரும் எழுந்து நின்றார்கள் என்று சொன்னால் கதை இனிக்கும். முதல் பாட்டில் குரல் ஒடுங்கித்தான் வந்தது. இரண்டாவதில் நிமிர்ந்தது. இடைவேளைக்குப் பிறகு வேடம் அவளுடையதாகிவிட்டது. பர்மிங்காம் அம்மையார் இடைவேளையில் பேத்திகளுக்கு வெனிலா ஐஸ்கிரீம் வாங்கினார், இறுதிக் கைதட்டலில் உட்கார்ந்தே இருந்தார், போகும்போது என்னிடம் மறுபடியும் பணத்தைக் கேட்டார்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வாரக்கணக்கில் சனிக்கிழமை தோறும் உட்காரவைத்து, இந்தப் பெண்ணை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள், உங்கள் கையில்தான் இருக்கிறது என்று சொன்னவர்கள் நீங்கள். அவர் நம்பினார். அவர் கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தவன் நான்.

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். என் உறவினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006இல் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தில் கதாநாயகி மரியாவாக நடிக்க ஒருவர் வேண்டியிருந்தது. ஹாலிவுட் நடிகை ஒருவரை நடிக்கவைக்கும் எண்ணம் நிறைவேறாமல் போக, தயாரிப்பாளர்களில் ஒருவரான ஆண்ட்ரூ லாயிட் வெபர் பிபிசியோடு சேர்ந்து மரியாவைத் தொலைக்காட்சியில் தேடினார். கானி ஃபிஷர் வென்றார். செப்டம்பரில் இறுதிச் சுற்று, நவம்பரில் லண்டன் பாலேடியத்தில் திரை உயர்ந்தது. அடுத்த வருடம் 'ஜோசப்' இசை நாடகத்தின் நாயக வேடத்துக்கு லீ மீட்; ஜூனில் வென்றவர் ஜூலையில் அடெல்ஃபி மேடையில் நின்றார். அதே 2007இல் ஐடிவி 'கிரீஸ்' நாடகத்துக்கு ஒரு ஜோடியைத் தேடியது. 2008இல் 'ஆலிவர்' நாடகத்தின் நான்சியாக ஜோடி ப்ரெஞ்சர், 2010இல் 'விசர்ட் ஆஃப் ஆஸ்' நாடகத்தின் டோரதியாக டேனியல் ஹோப், 2012இல் ஐடிவியில் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' நாடகத்தின் இயேசு வேடத்துக்கு பென் ஃபார்ஸ்டர். பிறகு நீண்ட இடைவெளி. இனி இந்தத் தலைவலி இல்லை என்று நினைத்திருந்தபோது 2023இல் ஐடிவி கோர்ஃபு தீவில் முகாமிட்டு 'மம்மா மியா'வுக்கு இரண்டு பேரைத் தேடியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நெதர்லாந்திலும் இதே கூத்து நடந்தது. அங்கே நான் வாசலில் நிற்கவில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

முதல் தொடர் ஓடிய கோடையில் எங்கள் அம்மா எங்களோடு இருந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் இசை நாடகம் தெரியும். யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறைப் பக்கத்து ஊர்; ஈழத்து இசை நாடக நடிகர் வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைக் கோயில் வெளியில் பாய் விரித்துப் பலமுறை பார்த்தவர். ஒரு சனிக்கிழமை, மரியாக்களில் ஒருத்தி பாடி முடித்ததும் நடுவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். அம்மா திரும்பி என்னைக் கேட்டார்: "நல்ல குரல்தான். இந்தப் பிள்ளை விடியும்வரை தாங்குவாளா?"

நடுவர் மேசையிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வெஸ்ட் எண்டில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். ஆறு மாலைகள், இரண்டு மதியங்கள். இரண்டு காட்சி உள்ள நாளில் முதல் காட்சி முடிந்து ஐந்து மணிக்குத் திரை விழுந்தால், ஏழரைக்கு மறுபடியும் உயரும். அந்த இடைவெளியில் மேடை வாசல் பக்கம் போனால் தெரியும்: கோடையிலும் தொண்டையைச் சுற்றிச் சால்வை, பேச்சே கிடையாது, தலையசைப்பு மட்டும். ஆவி பிடிப்பார்கள், ஒப்பனை அறைத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். தொலைக்காட்சியில் ஒரு வாரம் முழுக்கப் பயிற்சி செய்து சனிக்கிழமை இரண்டு மூன்று நிமிடம் பாடுவதும், பாலேடியம் போன்ற 2200க்கு மேற்பட்ட இருக்கைகள் உள்ள அரங்கில் புதன்கிழமை இரண்டாவது முறையாக மலையேறிப் பாடுவதும் ஒரே தொழில் இல்லை. குரல் பயிற்சியை எல்லாம் காட்டினோமே என்பீர்கள். காட்டினீர்கள், நல்ல இசையும் கண்ணீரும் சேர்த்து. ஒரே பாட்டை ஐந்தாவது நாளாக, சளியோடு, அதே நேர்த்தியோடு பாடுகிற காட்சியை மட்டும் நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்து வாக்களித்திருந்தால் பர்மிங்காம் அம்மையாருக்கு என் சீட்டு புரிந்திருக்கும்.

பாலேடியத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களிலேயே கானி ஃபிஷரின் எட்டுக் காட்சிகள் ஆறாகக் குறைந்தன. மீதி இரண்டில் மரியாவாக நடித்தவர் ஈஃபா முல்ஹாலண்ட். அதே தொலைக்காட்சித் தொடரில் போட்டியிட்டவர். சரியான முடிவு. அதை முதலிலேயே, அந்தச் செப்டம்பர் இரவிலேயே, வாக்களித்தவர்கள் முன்னால் சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். கானி ஃபிஷருக்குப் பின்னாளில் குரலே போராட்டமாயிற்று. குரல் நாணில் பிறவியிலிருந்தே இருந்த கோளாறு என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அதையும் எட்டுக் காட்சிகளையும் முடிச்சுப் போட எனக்கு அருகதை இல்லை, போடவும் மாட்டேன். ஒரு குரல் எவ்வளவு தாங்கும் என்பதை மூன்று நிமிடப் பாட்டு சொல்லாது என்று மட்டும் சொல்கிறேன்.

யாரும் சொல்லாமலே உங்களுக்கு இது தெரியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 'ஆலிவர்' நாடகத்தில் சில காட்சிகளுக்கு டாம்சின் கரோல் நான்சியாக நடித்தார். போட்டியில் கலந்துகொள்ளாத, மேடை அனுபவம் உள்ள நடிகை. 2011இல் 'விசர்ட் ஆஃப் ஆஸ்' வந்தபோது இரண்டாம் இடம் பெற்ற சோஃபி எவான்ஸுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் டோரதி வேடம் கொடுத்தீர்கள். அடுத்த வருடம் டேனியல் ஹோப் விலகியபோது அந்த வேடமே அவருக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை டிக்கெட் வாங்கியவர்கள் சோஃபிக்கும் வாக்களித்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்; பெருமூச்சுக்கு அங்கே அவ்வளவு இடம் இல்லை. இதை ஏன் விதிவிலக்காக விட்டுவிட்டீர்கள்?

இன்னொரு மறைப்பும் இருக்கிறது. தெருவில் போகிற பெண்ணை அழைத்துவந்து நட்சத்திரமாக்கினோம் என்ற தோரணையில் கதை ஓடும். கானி ஃபிஷர் தொலைபேசி விற்பனை வேலையில் இருந்தார் என்பதை எத்தனை தடவை சொன்னீர்கள்! அவர் மவுண்ட்வியூ நாடகப் பள்ளியில் முறையாகப் படித்தவர் என்பது அதே குரலில் சொல்லப்படவில்லை. லீ மீட் போட்டிக்கு வரும்போதே 'ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா'வில் குழு நடிகர். ரவுல் வேடத்துக்கு மாற்று நடிகரும் அவர்தான். அதாவது, என் துண்டுச் சீட்டில் பெயர் வருகிற வகுப்பைச் சேர்ந்தவர்! மாற்று நடிகர் ஒருவரையே தேசத்தின் நாயகனாக்கிக் காட்டினீர்கள். ஆனால் மாற்று நடிகர் என்றால் அரைகுறை என்று நினைக்கிற பார்வையாளரை அப்படியே விட்டுவிட்டீர்கள். இந்த விசித்திரம் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

வாக்குப்பெட்டி எதை அளக்கிறது என்பதற்கு 2008ஆம் வருடமே போதும். என் மகளுக்கு அப்போது பத்து வயது. நான்சிக்கு அவள் தேர்வு கில்லார்னியிலிருந்து வந்த பதினெட்டு வயது ஜெஸ்ஸி பக்லி. லாயிட் வெபருக்கும் அவர்தான் பிடித்திருந்தது. மக்கள் ஜோடி ப்ரெஞ்சரைத் தேர்ந்தெடுத்தார்கள். மகள் அழுதுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள். ஜோடி அந்த வேடத்தை நன்றாகவே செய்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தோற்றவர்களைப் பாருங்கள். ஜெஸ்ஸி பின்னர் ராடா நாடகப் பள்ளியில் படித்து, 2022இல் 'காபரே' நாடகத்துக்காக ஆலிவியர் விருது பெற்றார். அதே வருடம் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. மூன்றாவதாக வந்த சமந்தா பார்க்ஸ் 'லே மிசராப்ல்' படத்தில் எப்போனின். 2021இல் 'ஃப்ரோஸன்' நாடகத்தின் எல்சாவாக அவர் நின்ற மேடை ட்ரூரி லேன். 'ஆலிவர்' ஓடிய, நான்சியாக அவர் நிற்க முடியாமல் போன அதே மேடை. 2023இல் 'மம்மா மியா' தேடலில் அவர் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இறுதிவரை வராமலே வெளியேறிய ரேச்சல் டக்கர் 'விக்கெட்' நாடகத்தின் எல்ஃபபாவாக வருடக்கணக்கில் பாடினார்.

மக்கள் தவறாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். யாரை உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நீங்கள் கேட்டீர்கள், அதற்கு அவர்கள் நேர்மையாகப் பதில் சொன்னார்கள். வேடத்துக்கு யார் பொருத்தம் என்பது வேறு கேள்வி. அதற்கு எதிரே நிற்கப்போகிற நடிகர் வேண்டும், இசை நடத்துநர் வேண்டும், இயக்குநர் வேண்டும், ஒரு முழு நாடகம் வேண்டும். அவை எதுவும் வாக்காளரிடம் இல்லை. நான்சி அடிவாங்கிச் சாகிற பாத்திரம். அவளைக் கொல்கிற பில் சைக்ஸாக நடிக்கப்போகிறவர் யார் என்றே தெரியாமல் அவளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. பிபிசி ஒரு தனியார் நாடகத்துக்குப் பத்துப் பதின்மூன்று வாரம் இலவச விளம்பரம் செய்கிறது என்று 2008இலேயே ஹாலிவுட் நடிகர் கெவின் ஸ்பேசி குறைசொன்னார். அப்போது அவர் ஓல்ட் விக் அரங்கின் கலை இயக்குநர். அந்த வருடம் பிபிசிக்குப் போகிற தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 139.50 பவுண்டு, நானும் கட்டினேன். மேடை இசையமைப்பாளரான லாயிட் வெபரே தயாரிப்பாளராக, அவரே தொலைக்காட்சியில் கடைசி இருவரில் ஒருவரைக் காப்பாற்றுகிறவராக, பாலேடியமும் அவருடைய நிறுவனத்தின் அரங்காக இருந்தபோது கேள்வி எழத்தான் செய்யும். ஆனால் நான் வாசல் பணியாள்; அரங்கு நிறைந்தால்தான் எனக்கும் ஐஸ்கிரீம் விற்கும். அதை மறைத்துக்கொண்டு நியாயம் பேச மனமில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா லண்டனில் ஓர் அரங்குக்குள் முதல்முறை காலடி வைத்தது உங்கள் மரியாவைப் பார்ப்பதற்காகத்தான். மேல்மாடத்தில், தூணுக்குப் பக்கத்தில் மலிவான இருக்கை. மரியாவைவிட அவருக்குக் கன்னியாஸ்திரிகளின் சேர்ந்திசைதான் பிடித்தது. வீட்டுக்கு வரும்வரை ரயிலில் அதைப் பற்றியே பேசினார். அந்தச் சேர்ந்திசையில் பாடியவர்களில் ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் யாரும் அவர்களைத் தேடவில்லையே.

ஆகவே, நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. எப்படியும் நிறுத்தமாட்டீர்கள். அடுத்த தொடரை எடுக்கும்போது சில காரியங்கள் செய்யுங்கள். இறுதிக்கு வருகிற மூன்று பேரையும் ஒரு புதன்கிழமை உண்மையான அரங்குக்குக் கூட்டிப்போய், ஒரே நாளில் இரண்டு முறை முழு நாடகத்தையும் நடிக்கவைத்துப் படம்பிடியுங்கள். அழகாக இருக்காது; வெட்டாமல் ஒளிபரப்புங்கள். நடுவர் வரிசையில் ஒரு நாற்காலியை மாற்று நடிகர் ஒருவருக்குக் கொடுங்கள். ஏழு எட்டுப் பாத்திரங்களின் வசனமும் நடனமும் தலையில் வைத்துக்கொண்டு, மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தால் இரண்டரைக்கு யாராகவும் மாறி மேடையேறுகிற ஆட்கள் ஒவ்வொரு அரங்கிலும் இருக்கிறார்கள். ஸ்விங் என்று அவர்களைச் சொல்வோம். எங்கள் அரங்கில் ஒரு ஸ்விங் இருந்தார். எந்தப் பாத்திரத்தில் போகிறோம் என்று மறந்துவிடாமல் இருக்கக் கைக்குள் பேனாவால் எழுதிக்கொண்டு போவார். படிக்கட்டில் என்னைத் தாண்டும்போது உள்ளங்கையைக் காட்டிச் சிரிப்பார். அவரை நடுவராகப் போட்டால், பளபளவென்று பாடி முடித்த போட்டியாளரிடம் என்ன கேட்பார் தெரியுமா? நாளைக்கும் இதையே செய்வாயா என்று கேட்பார்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாக்களிக்கும் எண்கள் திரையில் ஓடும்போது, கட்டண விவரத்தைப் போடுகிற இடத்துக்கு மேலே ஒரு வரி சேருங்கள். என்ன எழுதுவது என்று உங்கள் வழக்கறிஞர்களைச் சிரமப்படுத்த வேண்டாம், நானே எழுதித் தருகிறேன்: "வெற்றி பெறுபவர் வாரத்தில் ஆறு காட்சிகளில் நடிப்பார். திங்கள் மாலையும் புதன் மதியமும் இரண்டாம் இடம் பெறுபவர் நடிப்பார். இருவருக்கும் உடல்நலம் சரியில்லாத நாளில் நடிக்கப்போகிறவர் இதோ, இவர்." அந்த மூன்றாமவரின் முகத்தையும் காட்டுங்கள், ஐந்து வினாடி போதும். பெயரை மக்கள் சரியாக உச்சரிக்கிற மாதிரி ஒருமுறை சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் என் மகள் மொழிபெயர்த்துத் தருவாள். ஜெஸ்ஸி தோற்றதற்கு உங்கள்மேல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. இருந்தாலும் செய்து தருவாள்.

இப்படிக்கு,
கீழ்த்தளம் இடதுபக்க வாசலில் சீட்டு கொடுப்பவன்